முன்வாசல், பின்வாசல், நடுவில் ஒரு கயிறு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த ஆபீஸில் யாரைப் பார்த்தால் காரியம் நடக்கும் என்ற பட்டியல் என்னிடம் கிடையாது. இருந்ததையும் ஓய்வு பெற்ற அன்றே கிழித்துப் போட்டுவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிற நீங்கள் என்னைத் தேடி வந்து, "பாய், முப்பது வருசம் இருந்திருக்கீங்க, ஒரு நாலு நம்பர் குடுங்க" என்று கேட்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. நம்பர் இருந்தால் போதும் என்றால் கம்பெனிக்காரன் ஒரு போன் டைரக்டரியை வாங்கி நாற்காலியில் உட்கார வைத்திருப்பானே, நம்மை எதற்கு விசா கொடுத்துக் கூப்பிட வேண்டும்?

நம் வேலை என்ன? கம்பெனிக்காக சர்க்கார் ஆபீஸ் படி ஏறி இறங்குவது. நாம் பி.ஆர்.ஓ. என்கிறோம், அரபிகள் மந்தூப் என்கிறார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு இது ஒரே நாடு. உள்ளே வந்து ஃபைலைத் தூக்கினால்தான் ஏழு எமிரேட் என்பதன் அர்த்தம் விளங்கும். விசா, லேபர் கார்டு போன்றவை எல்லோருக்கும் பொது. மற்றபடி ஒவ்வொரு எமிரேட்டுக்கும் தனி ஆட்சியாளர், தனி முனிசிபாலிட்டி, தனி போலீஸ், தனி முத்திரை. சில இடங்களில் இருபது நிமிடம் வண்டி ஓட்டினால் மூன்று எமிரேட்டைத் தாண்டிவிடுவோம். எங்கே மாறியது என்பதைத் தெருவிளக்குக் கம்பத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் நான் மூன்று மணி நேரம் டோக்கன் எடுத்து உட்கார்ந்து, கவுண்டரில் பேப்பரை நீட்டினேன். அங்கே இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேப்பர் எல்லாம் சரி, எமிரேட்தான் தப்பு" என்றாள். பின்னால் நின்ற மலையாளி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அன்றைக்கு ரோஷப்பட்டு எல்லைகளைப் படிக்க ஆரம்பித்தேன். நன்றாகவே படித்தேன். அளவுக்கு மீறிப் படித்ததுதான் பின்னால் வினையாக முடிந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் கம்பெனிக்குத் தொழிலாளர்கள் தங்குகிற ஒரு கேம்ப் இருந்தது. இருநூற்றுச் சொச்சம் ஆட்கள். எந்த எமிரேட் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். அதில் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் அதே நாற்காலிகளில் இருக்கிறார்கள், நல்ல மனிதர்கள். கேம்ப் கட்டிய நிலம் இரண்டு எமிரேட்டுகளின் எல்லைமேல் உட்கார்ந்திருந்தது. முன்வாசலும் முன்வரிசை அறைகளும் ஒரு எமிரேட்டில், பின்வரிசை அறைகளும் கழிவுநீர்த் தொட்டியும் இன்னொன்றில். சாப்பாட்டு மெஸ்ஸின் நடுவே கோடு ஓடியது. கிழக்குச் சுவரில் உட்காருகிறவன் ஒரு ஆட்சியில் பரோட்டா தின்பான், மேற்குச் சுவரில் உட்காருகிறவன் இன்னொரு ஆட்சியில் சால்னா ஊற்றிக்கொள்வான். உங்களுக்குக் குழப்பம் வராமலிருக்க, முன்வாசல் எமிரேட், பின்வாசல் எமிரேட் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

இந்த எல்லையை நான் ஒரு சொத்துபோல அனுபவித்தேன். முன்வாசல்காரர்கள் வந்து, "கழிவுநீர்த் தொட்டி பழசாக இருக்கிறதே" என்றால், "அது உங்கள் எல்லையில் இல்லை, அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள்" என்பேன். பின்வாசல்காரர்கள் வந்து, "ஒரு அறைக்கு இத்தனை கட்டிலா" என்றால், "கேம்ப் லைசென்ஸே அந்தப் பக்கம், அவர்கள் பார்த்து அனுமதித்தது" என்பேன். இரண்டு ஆபீஸும் ஒன்றுக்கொன்று எழுதிக் கேட்டுக்கொள்ளாது என்பது எனக்குத் தெரியும். இப்படியே ஏழு வருடம். மேனேஜர் என்னை மற்றவர்கள் முன்னால் தட்டிக் கொடுப்பார். நானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன், வெட்கங்கெட்டவன்.

கொரோனா ஓய்ந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை கேம்ப்பில் ஒன்பது பேருக்கு அம்மை. சின்னம்மைதான், கேம்ப்பில் வருவது வழக்கம்தான். ஆனால் கொரோனாவுக்குப் பிறகு எந்த அதிகாரியும் வழக்கம்தானே என்று விடுகிற மனநிலையில் இல்லை. முன்வாசல் எமிரேட்டின் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் டாக்டர் வந்தார். உள்ளூர் அரபிப் பெண், கண்டிப்பானவர். எல்லோரையும் பரிசோதித்து முடிக்கும்வரை ஒருவரும் வெளியே போகக் கூடாது, ஒரு வண்டியும் உள்ளே வரக் கூடாது என்று எழுதி முன்வாசலில் காவல் போட்டுவிட்டுப் போனார்.

வண்டி வரக் கூடாது என்றால் கழிவுநீர் உறிஞ்சுகிற டேங்கரும் வரக் கூடாதல்லவா? இருநூறு பேர் வேலைக்குப் போகாமல் உள்ளேயே இருக்கிறார்கள். செவ்வாய் மதியம் தொட்டி நிரம்பி வழிந்து, பின்பக்கத்துக் காலி நிலத்தில் ஓட ஆரம்பித்தது. அது பின்வாசல் எமிரேட்டின் மண். அவர்களுடைய முனிசிபாலிட்டி இன்ஸ்பெக்டர் வந்தார். ராணுவத்தில் இருந்தவர், நரைத்த தாடி, அதிகம் பேச மாட்டார். மூக்கில் துணியைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு நோட்டீஸ் கொடுத்தார். வியாழக்கிழமை சூரியன் மறைவதற்குள் கேம்ப்பைக் காலி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்து சீல் வைப்பார்கள்.

இப்போது என் மேஜைமேல் இரண்டு காகிதங்கள். ஒன்று, ஒருவனும் வெளியே போகக் கூடாது என்கிறது. மற்றது, எல்லோரும் வெளியே போயாக வேண்டும் என்கிறது. இரண்டிலும் முத்திரை இருக்கிறது, இரண்டும் சட்டம்.

நான் முதலில் ஓடியது டாக்டரிடம். அவர் நோட்டீஸைப் பார்க்கவே இல்லை. "அது வேறு எமிரேட்டின் காகிதம். அவர்கள் எனக்கு எழுதட்டும்" என்றார். அங்கிருந்து இன்ஸ்பெக்டரிடம். "அந்த அம்மா எனக்கு எழுதட்டும், பார்க்கிறேன்" என்றார். "ஒரு போன் போட்டுப் பேசிக்கொள்ளலாமே" என்று கெஞ்சினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நான் ஏன் முதலில் போட வேண்டும்?" என்று கேட்டார். இரண்டு பேரையும் குறை சொல்ல மாட்டேன். தங்கள் எல்லையை மதிக்கிறார்கள். நான்தான் அந்த எல்லைமேல், பூனை மதில்மேல் நடக்கிற மாதிரி நடந்து பழகிவிட்டேன்.

இதற்கு நடுவில் செல்லத்துரை.

செல்லத்துரை எங்கள் கம்பெனியில் ரிக்கர். கிரேன் தூக்குகிற சுமைக்குக் கயிறும் கொக்கியும் மாட்டுகிறவன். முதுகுளத்தூர்ப் பக்கம் ஒரு கிராமம், நாற்பத்தொன்பது வயது. என் ஊர் கடற்கரை, அவன் ஊர் உள்ளே, ஆனாலும் ஒரே ஜில்லா என்பதால் என்னிடம் உரிமையாகப் பேசுவான். எங்கள் கம்பெனி ஆள் குறைத்தபோது அவன் விசாவை ரத்து செய்திருந்தோம். எப்படியோ சவூதியில், அல் கோபாரில் ஒரு கம்பெனியில் வேலை வாங்கியிருந்தான். சவூதி விசா பாஸ்போர்ட்டில் அடித்தாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் அங்கே போய் இறங்க வேண்டும், தாண்டினால் விசா செத்துவிடும். டிக்கெட் வெள்ளிக்கிழமை காலை. பெண் நர்சிங் இரண்டாவது வருடம் படிக்கிறாள். ஐம்பதைத் தொடுகிற ரிக்கருக்கு இன்னொரு விசா யார் கொடுப்பார்கள்? அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அவன் படுத்திருந்தது பின்வரிசையில், முப்பத்தொன்றாம் அறை. டாக்டரிடம் அவனுக்கு மட்டும் அனுமதி கேட்டேன். "அறை பின்வரிசையா? அப்படியானால் என் ஆள் இல்லை. ஏழு வருடமாக நீதானே எழுதித் தந்திருக்கிறாய்" என்று ஃபைலைக் காட்டினார். இன்ஸ்பெக்டரிடம் போனால், "கேம்ப் லைசென்ஸ் அந்தப் பக்கம் என்று நீ கையெழுத்துப் போட்ட கடிதம் இங்கே இருக்கிறது. அவன் எப்படி என் ஆள் ஆவான்?" என்றார். என் சாமர்த்தியமெல்லாம் வரிசையாக வந்து என் கன்னத்திலேயே அறைந்தது. இருநூறு பேரையும் தங்கள் ஆள் என்று சொல்ல ஒருவரும் இல்லாத மாதிரி நானே செய்து வைத்திருந்தேன்.

புதன்கிழமை காலை ஒரு ஜெர்மன் இன்ஜினியரை எங்கள் பைப்லைன் சைட்டுக்குக் காரில் அழைத்துப் போக வேண்டியிருந்தது. வயதானவர், நன்றாகப் பேசுவார். என் முகத்தைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னேன். மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். எனக்குக் கோபம். "சிரிக்காதீங்க சார்" என்றேன்.

"உன்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. எங்கள் ஊர் ஞாபகம் வந்தது" என்றார். சொந்த ஊர்ச் சரித்திரத்தை நோண்டுவது அவருக்குப் பொழுதுபோக்கு. முந்நூறு வருடத்துக்கு முன் ஜெர்மனி என்று ஒரு நாடே கிடையாதாம். மேலே பேருக்கு ஒரு பேரரசர். கீழே நூற்றுக்கணக்கான குட்டி ராஜ்யங்கள். ஒரு பிரபு, ஒரு பிஷப், ஒரு மடம், தனக்குத்தானே ராஜாவான ஒரு நகரம். அவர் பிறந்த ஊர் ஒரு மடத்துக்குச் சொந்தமாக இருந்ததாம். மடத்துச் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பக்கத்து ராஜ்யத்தின் மாடு தெரியுமாம்.

"அப்ப திருடன் எல்லையத் தாண்டி ஓடிட்டா என்ன செய்வாங்க?" என்று கேட்டேன்.

"அதற்குத்தான் வட்டம்" என்றார். ராஜ்யங்களை வட்டாரம் வட்டாரமாகச் சேர்த்து, வட்டம் என்று பெயர் வைத்திருந்தார்களாம். அவர்கள் வட்டத்தில் மட்டும் கிட்டத்தட்ட நூறு ராஜ்யங்கள். கொள்ளைக்காரன், கள்ள நாணயம், தொற்றுநோய், ரோடு, இந்த மாதிரி எல்லையைத் தாண்டி ஓடுகிற விஷயங்களுக்கு மட்டும் எல்லோரும் கூடி உட்கார்ந்து பேசுவார்கள். யாரும் தங்கள் அதிகாரத்தை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. படை வேண்டுமென்றால் ஒரு ஊர் ஆளைக் கொடுக்கும், இன்னொரு ஊர் குதிரையைக் கொடுக்கும்.

"சண்டை வராதா?"

"வராமலா? பாதி நேரம் யார் எந்த நாற்காலியில் உட்காருவது என்பதில் போய்விடும். அதனால் பிரபு வீட்டிலும் கூட மாட்டார்கள், பிஷப் வீட்டிலும் கூட மாட்டார்கள். யாருக்கும் சொந்தமில்லாத, தனக்குத் தானே ராஜாவான நகரத்தில் போய்க் கூடுவார்கள்."

அப்போது அது எனக்கு வெறும் கதையாகத்தான் பட்டது. என் மண்டைக்குள் வேறு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. காவல் முன்வாசலில் மட்டும்தானே? பின்பக்க வேலியில் ஒரு இடைவெளி உண்டு. மதியம் காரை அங்கே கொண்டுபோய் நிறுத்தி செல்லத்துரையை ஏற்றி, ஏர்போர்ட் பக்கத்தில் எனக்குத் தெரிந்த அறையில் விட்டுவிட்டால் முடிந்தது. யாருக்கும் தெரியப் போவதில்லை. அதுவரை எல்லா விஷயத்திலும் நான் அப்படித்தான் முடித்திருந்தேன்.

மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். வேலிக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு போன் போட்டேன். செல்லத்துரை பையைத் தூக்கிக்கொண்டு வந்தான். வெளுத்த சட்டை, முழுக்கால் சட்டை, தலையை ஒழுங்காக வாரியிருந்தான். கழிவுநீர் ஓடுகிற இடத்தில் போட்டிருந்த பலகைமேல் நடந்து வேலிவரை வந்தவன், அங்கேயே நின்றுவிட்டான்.

"ஏறு தம்பி, யல்லா" என்றேன்.

"பாய், இது வழியாவா?"

"வேற வழி இருந்தா கூட்டிட்டுப் போக மாட்டேனா? சீக்கிரம் வா."

அவன் அசையவில்லை. "எனக்கு ஏழு வயசுலயே ஆத்தா வந்து எறங்கிட்டா பாய். மூஞ்சியப் பாருங்க, தழும்பு இருக்கு. திரும்ப வராதுன்னு எனக்குத் தெரியும். ஆனா அது ஏர்போர்ட்டுல இருக்கவனுக்குத் தெரியுமா? நாளைக்கு எவனாச்சும், இவன் நோயோட வேலியத் தாண்டி ஓடியாந்தவன்னு சொன்னா?"

"யாரு சொல்லப் போறா? எந்தக் கம்ப்யூட்டர்லயும் உன் பேரு கிடையாது. ரெண்டு பேரும் என் ஆள் இல்லைங்கிறாங்க. அதனாலதான் சொல்றேன், போனா கேக்க நாதியில்ல."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது என் காதிலேயே விழுந்தது. அவன் கீழே பார்த்தான். "ஒம்பது வருசம் இந்தக் கம்பெனில கயிறு கட்டியிருக்கேன். ஒரு லோடு கீழ விழுந்ததில்ல. போகும்போது மட்டும் இந்தப் பீத்தண்ணிய மிதிச்சுக்கிட்டு, திருட்டு நாய் மாதிரிப் போகணுமா பாய்? விசா போனாப் போவுது. நான் வரல."

பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போய்விட்டான். நான் காரில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து நேராக டைப்பிங் சென்டருக்குப் போனேன். அங்கே அரபிக் கடிதம் எழுதுகிற ஒரு சூடான்காரர் இருந்தார். ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், உஸ்தாத் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எனக்கு அரபி பேசத்தான் வரும், எழுத வராது. என் கடிதம் எல்லாம் அவர் கையால் எழுதியவை. "உஸ்தாத், ஒரு கடிதம். வியாழக்கிழமை நோட்டீஸைத் தள்ளிப் போட இரண்டு பேருக்கும் ஒரு நல்ல காரணம் கண்டுபிடித்து எழுதுங்கள்" என்றேன்.

அவர் பேனாவை எடுக்கவில்லை. "இந்த ஏழு வருடமும் உனக்கு இரண்டு ஃபைல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாளாவது படித்திருக்கிறாயா?" என்று கேட்டார்.

"இல்லை."

"நான் படித்திருக்கிறேன். எழுதியவன் நான்தானே. நீ சொன்னதை எழுதுவது என் வேலை, அதனால் பேசாமல் இருந்தேன். அதுவும் தப்புதான்." தேநீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "இன்றைக்கு உண்மையைச் சொல், எழுதித் தருகிறேன். வேறு எதுவும் எழுத மாட்டேன்."

"உண்மையைச் சொன்னால் என் வேலை போய்விடும் உஸ்தாத்."

"போகலாம். உன் வேலைதானே?" என்றார். அவ்வளவுதான். வேறு உபதேசம் எதுவும் செய்யவில்லை.

அப்போதுதான் ஜெர்மன்காரர் சொன்ன யாருக்கும் சொந்தமில்லாத நகரம் ஞாபகம் வந்தது. டாக்டர் இன்ஸ்பெக்டரின் ஆபீஸுக்குப் போக மாட்டார், இன்ஸ்பெக்டர் டாக்டரின் ஆபீஸுக்கு வர மாட்டார். ஆனால் இரண்டு பேரும் தங்கள் எல்லையைத் தாண்டாமலேயே ஒரே மேஜையில் உட்காரக் கூடிய இடம் என் கையிலேயே இருந்தது. மெஸ்.

உஸ்தாத் இரண்டு கடிதம் எழுதினார். விஷயம் இரண்டிலும் ஒன்றுதான். இந்தக் கேம்ப் இரண்டு எமிரேட்டிலும் இருக்கிறது, ஏழு வருடமாக நான் இரண்டு பேரிடமும் பாதியை மறைத்தேன், வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெஸ்ஸுக்கு வர வேண்டும், அவரவர் எல்லைக்குள்ளேயே நாற்காலி போடப்படும். ஒன்றில் டாக்டர் பெயர் முதலில், மற்றதில் இன்ஸ்பெக்டர் பெயர் முதலில். அந்த மரியாதையை நான் யோசிக்கவில்லை, உஸ்தாத்தான் யோசித்தார். இரண்டையும் நானே கையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மெஸ்ஸுக்குள் கோடு எங்கே போகிறது என்று சுமாராகத்தான் எங்களுக்குத் தெரியும். வெளியே இரண்டு பக்கமும் சர்வேக்காரர்கள் அடித்த இரும்பு முளைகள் இருந்தன. செல்லத்துரையைக் கூப்பிட்டேன். வேலிச் சம்பவத்துக்குப் பிறகு அவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனாலும் வந்தான். வடக்கு முளையிலிருந்து ஒரு ஜன்னல் வழியாக உள்ளே கொண்டு வந்து, எதிர் ஜன்னல் வழியாகத் தெற்கு முளை வரைக்கும் விறைப்பாக ஒரு கயிறு கட்டினான். கயிற்றுக்கு அடியில் நீளவாக்கில் மேஜையைப் போட்டு, கயிறு சரியாக மேஜைக்கு நடுவில் வருகிறதா என்று குனிந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தான். "ஒரு நூல் தப்பாது பாய்" என்றான். இருந்த கோபத்திலும் வேலையில் குறை வைக்கவில்லை.

வியாழன் காலை டாக்டர் முன்வாசல் வழியாக வந்தார். இன்ஸ்பெக்டர் பின்பக்கமாக, அதே பலகைமேல் நடந்து வந்தார். கயிற்றைப் பார்த்ததும் டாக்டருக்குச் சிரிப்பு வந்து முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கயிற்றை உற்றுப் பார்த்துவிட்டுத் தன் நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். மேஜையின் இரண்டு பக்கமும் தனித்தனி ஃபிளாஸ்கில் டீ வைத்திருந்தேன்.

கடிதத்தில் எழுதியிருந்ததை வாயாலும் சொன்னேன். கேட்டு முடித்ததும் இன்ஸ்பெக்டர் மெதுவாக, "அப்படியென்றால் ஏழு வருடம் நீ என்னை முட்டாளாக்கியிருக்கிறாய்" என்றார்.

"ஆமாம் சார்."

"என்னையும்தான்" என்றார் டாக்டர். சொல்லிவிட்டு முதல் தடவையாக இன்ஸ்பெக்டரைத் திரும்பிப் பார்த்தார். அவரும் பார்த்தார். என்மேல் இருந்த கோபம் இரண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது, அது நல்லதாகப் போயிற்று.

அதற்குப் பிறகு என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்களே பேசிக்கொண்டார்கள். பின்வாசல் எமிரேட்டின் டேங்கரைப் பின்பக்க வேலியைத் திறந்து உள்ளே விடுவது, ஆட்கள் யாரும் அதன் பக்கத்தில் போகாமல் டாக்டரின் நர்ஸ் பார்த்துக்கொள்வது. அம்மை போட்டவர்களை முன்வரிசையில் ஆறு அறைகளுக்கு மாற்றுவது. டாக்டர் எல்லோரையும் பார்த்து முடிக்கும்வரை காலி செய்யும் நோட்டீஸை நிறுத்தி வைப்பது. ஒரு பக்கம் டேங்கரைக் கொடுத்தது, மறுபக்கம் நர்ஸைக் கொடுத்தது. முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் எழுந்துகொண்டார், "கலாஸ், முடிந்தது" என்றார்.

"இன்னும் ஒருவன் இருக்கிறான்" என்றேன். செல்லத்துரை மூலையில் பையோடு நின்றுகொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னேன். டாக்டர் அவனை ஜன்னல் பக்கம் வரச் சொல்லி முகத்தையும் கையையும் முதுகையும் பார்த்தார், வெப்பமானியை வைத்துப் பார்த்தார். எப்போது வந்தது என்று கேட்டார். "ஏழு வயசுல ஆத்தா வந்துச்சு. பதினோரு நாள் வேப்பிலையில படுத்தேன். அதுக்கப்புறம் இல்ல" என்றான். நான் அதை அரபியில் சொன்னேன், ஆத்தாவை மட்டும் விட்டுவிட்டேன்.

"இவன் போகலாம்" என்று டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். பிறகு காகிதத்தைக் கயிற்றுக்கு அடியில் மறுபக்கம் தள்ளினார். "இவன் தூங்குகிற அறை உங்கள் பக்கம். நீங்களும் போட வேண்டும்."

இன்ஸ்பெக்டர் காகிதத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு செல்லத்துரையைப் பார்த்து இந்தியில், "இதர் கித்னா சால்?", இந்தக் கேம்ப்பில் எத்தனை வருடம் என்று கேட்டார்.

"சாத் சால் சாப்."

"ஏழு வருடம் என் நிலத்தில் தூங்கியிருக்கிறான். என்னிடம் ஒருவனும் சொல்லவில்லை" என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். ஒரே காகிதத்தில் இரண்டு எமிரேட்டின் முத்திரை. என் முப்பது வருட வேலையில் அப்படி ஒன்றை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

எனக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பின்வாசல் எமிரேட்டில் என் மந்தூப் கார்டை ஆறு மாதம் நிறுத்தி வைத்தார்கள். கம்பெனியில் என் நாற்காலியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, ஓய்வு பெறும்வரை என்னை ஸ்டோர் பேப்பர் பார்க்க வைத்தார்கள். மேனேஜர் அதன் பிறகு என்னைத் தட்டிக் கொடுத்ததில்லை. அதற்கு நான் இப்போதும் வருத்தப்படுகிறேன், பொய் சொல்ல விரும்பவில்லை. ஆனால் நீங்கள் நாளைக்கு ஒரு ஃபைலைத் தூக்கும்போது, இது யார் எல்லையிலும் வரவில்லை, நமக்கு நல்லதாகப் போயிற்று என்று ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அந்த இடத்தில் நில்லுங்கள். அதற்குள்ளே ஆள் குடியிருக்கிறானா என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் செல்லத்துரை முன்வாசல் வழியாகப் போனான். காவலாளி காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். என் காரில் ஏறினான். ஏர்போர்ட்டில் இறங்கும்போது, "வரேன் பாய்" என்று என் கையைப் பிடித்தான், நானும் பிடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை மதியம் சவூதி நம்பரிலிருந்து போன் வந்தது. அல் கோபார் போய்ச் சேர்ந்துவிட்டானாம், ரூம் கொடுத்துவிட்டார்களாம். "அந்த பேப்பர ஏர்போர்ட்டுல கேட்டாங்களா?" என்று ஆவலாகக் கேட்டேன். அத்தனை பாடுபட்டு வாங்கியதல்லவா?

"இல்ல பாய். எங்கயுமே ஒருத்தரும் கேக்கல."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. அவன் அந்தப் பக்கம் சிரிப்பது கேட்டது.

"நானாத்தான் எடுத்துக் காமிச்சேன்" என்றான். "ரெண்டு ஏர்போர்ட்டுலயும்."